நிற்காத தறி

“வாய மூடுங்க! போன் அடிக்குது!” என்று நீலாம்பாள் கத்தியதும் கூடம் அடங்கிப்போனது. ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அவள் புருஷன் மயில்வாகனத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

மகள் குழலிதான். சாயங்காலம் வெளிநாட்டில் ஆசியக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம். நம் பெண்கள் அந்த இடத்துக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறதாம். கோல் கம்பத்தைக் காக்கப்போவது இந்தப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் பெண். விடிகாலையில் வீட்டுத் தறியில் உட்கார்ந்த அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் ஆட்டம் போச்சு, சின்ன வயசிலிருந்து வெயிலில் விழுந்து எழுந்ததெல்லாம் போச்சு. சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவள் நீலாம்பாள்தான். 

“முத்து, தறில உக்காருடா. ஓட்டு.”

“பொணத்த வெச்சிக்கினு தறி ஓட்டுவாங்களா? பித்து புடிச்சிருக்குதா உனக்கு?” என்றாள் நாத்தனார் அங்கம்மாள்.

“அப்பா எங்கன்னு கேப்பா அண்ணி. சத்தம் கேட்டாதான் நம்புவா. பாவம் என்னோட போவட்டும்.”

மகன் முத்துக்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் தறிக்குழியில் காலை விட்டான். தறி தடதடத்தது. நீலாம்பாள் போனை எடுத்தாள்.

“அப்பா எங்கம்மா?”

“தறிலதான்டி. அவசரப் பொடவ.” 

தறி ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு, “சரிம்மா, வெச்சிடறேன்” என்றாள் குழலி.

சாயங்காலம் டிவியைச் சத்தமில்லாமல் வைத்தார்கள். பந்து மகள் பக்கம் வரும்போதெல்லாம் நீலாம்பாளுக்கு உயிர் போய்த் திரும்பியது. நம்மவர்கள் ஒரு கோல் முன்னால் இருந்தபோது, கடைசியில் எதிரணிக்குப் பெனால்டி. கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பந்து குழலியின் நெஞ்சோடு கிடந்தது. விசில் ஊதியதும் பெண்கள் ஓடி ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். குழலி மட்டும் கம்பத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். கையுறையைக்கூடக் கழற்றவில்லை.

மறுபடி போன் அடித்தது. இனி மறைக்க முடியாது. இவ்வளவு நேரம் ஏமாற்றினாயே என்று கேட்டால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? கடைசியில் எடுத்துக் காதில் வைத்தாள்.

“அம்மா, தறி ஓட்டினது அண்ணந்தானே?”

நீலாம்பாள் தறிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். “யாருடி சொன்னது?”

“யாரும் சொல்லல. நான் போன் பண்ணா அப்பா தறிய நிறுத்திடுவாரும்மா, நான் பேசறது கேக்கணும்னு. இத்தினி நாளு நீ கவனிக்கவே இல்லியா? இன்னிக்கு நிக்கவே இல்லியே.”

குழலிக்குப் பின்னால் அவள் அணிப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். 

“நான் வர்ற வரிக்கும் அப்பாவ எடுத்துடாதீங்கம்மா.”

“எடுக்கல.”

நீலாம்பாள் போனை ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல், அவர் காதுப் பக்கமாக வைத்தாள்.

“பேசுடி” என்றாள். “தறி நின்னுடுச்சு.”

பெண்கள் முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.