ஏணியும் முக்காலியும்

கல்யாணமான புதிதிலேயே தெரு அவர்களுக்குப் பெயர் வைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரரின் மனைவிக்கு ஏணி. மருந்துக்கடைக்காரருக்கு முக்காலி. இரண்டு பேரும் ஜோடியாகச் சாலையில் இறங்கினால், சைக்கிளில் போகிறவன்கூட ஒரு காலை ஊன்றி நின்று பார்த்துவிட்டுத்தான் போவான். அப்படி ஒரு பொருத்தம்!

இதில் குற்றம் யார்மேலும் இல்லை. எல்லாம் அந்த மரப்பலகை செய்த வேலை. மழைக்காலத்தில் தரையில் ஈரம் ஏறுகிறதென்று கடைக்காரரின் அப்பா கவுண்டருக்குப் பின்னால் ஒரு பலகை மேடை போட்டு வைத்திருந்தார். மகன் அதன்மேல் நின்றுதான் வியாபாரம் பார்ப்பான். தன் அப்பாவின் மூச்சிரைப்புக்கு மருந்து வாங்க வந்துபோன அவளுக்கு அது எப்படித் தெரியும்? நம்மைக் கண்ணுக்கு நேராகப் பார்த்துப் பேச ஒரு ஆண்பிள்ளை இந்த ஊரில் இருக்கிறானே என்று மனசுக்குள் பூரித்துப்போனாள். மற்றவர்கள் எல்லாம் அவளிடம் பேசும்போது கழுத்துச் சுளுக்கு வந்தவர்கள் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்கள். இவன் சிரிக்கச் சிரிக்கப் பேசினான்.

ஒருநாள் அவள் குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவன் அதை எடுத்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்துத் தெருவுக்கு ஓடிவந்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். எதிரே ஆளையே காணவில்லை என்று அவள் கல்யாணம்வரை சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் கலப்படமில்லாத பொய். அவன் தலை அவளுடைய புருவம்வரை இருந்தது.

"இவ்ளோதாங்க நான். மிச்சமெல்லாம் பலகை" என்றான் அவன், குடையை நீட்டியபடி.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே கல்யாணம் பாதி முடிந்துவிட்டது. மீதியைப் பெரியவர்கள் பேசி முடித்தார்கள்.

சிரித்தவள் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கல்யாணத்துக்கு வந்த ஒரு அத்தை, "பாவம், இவ பக்கத்துல மாப்பிள்ளை பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருக்காரு" என்று பந்தியில் சொன்னது அவள் காதில் விழுந்து தொலைத்தது. தன்னைச் சொல்லியிருந்தால் போனால் போகிறதென்று விட்டிருப்பாள். அவனைச் சொன்னது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து குறைய ஆரம்பித்தாள். குதிகால் வைத்த செருப்பைத் தங்கைக்குக் கொடுத்தாள். போட்டோவுக்கு நிற்கும்போது புடவைக்குள்ளே ஒரு முழங்காலை மடக்கிக்கொண்டாள். நடைபாதையில் புருஷனை ஏற்றிவிட்டுத் தான் கீழே சாக்கடையோரமாக நடந்தாள். மழை நாளில் அதனால் கால் சேறானதுதான் மிச்சம். இதெல்லாம் அவருக்குப் பிடிக்கிறதா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டாள்.

இப்படியே காலம் ஓடியது. மகள் படித்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடித்தனமும் போட்டாயிற்று. அம்மாக்காரிக்கு மாதவிலக்கு நின்றது. கொஞ்ச காலம் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிந்து, மின்விசிறியோடு சண்டை போட்டுவிட்டு அதுவும் அடங்கியது. அப்புறம் ஒருநாள் காலையில் கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் வந்து சீப்புக்குக் கை நீட்டினார். கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரிந்தன. அவள் அன்று முழங்காலை மடக்கக்கூட இல்லை.

"என்னங்க, இந்த வயசுல வளர்றீங்களா?" என்றாள். மனசுக்குள் தாளமுடியாத சந்தோஷம். இத்தனை வருஷமாகப் பாடுபட்டது ஒருவழியாகக் கூடிவந்துவிட்டது என்று நினைத்தாள்.

அவர் சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் சிரிக்கிற மனுஷன், சீப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட்டார். அன்று சாயங்காலம், டாக்டரிடம் போகலாமென்று அவர் கூப்பிட்டு அவள் மாட்டேன் என்றதும், கடையிலிருந்து ஒரு பாட்டில் வந்தது. மேலே ஒரு பச்சை இலை, ஒரு நரைத்த பெண்மணி பல் தெரியத் துள்ளிக் குதிக்கிற படம். சோயாவிலிருந்து எடுத்த கேப்ஸ்யூலாம். மாதவிலக்கு நின்ற பெண்களின் எலும்புக்காம்.

அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்த ஜாதிப் பாட்டில்களைப் பற்றி அவர் அடிக்கும் நக்கல் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் கொடுத்ததை விழுங்கினாள். சோயா தீர்ந்ததும் ஏதோ ஊதாப்பூவின் சாறு வந்தது. அதற்கப்புறம் ஒரு பச்சைப் பொடி. தண்ணீரில் கலக்கிக் குடித்தால் புல்வெளியை நக்கிய மாதிரி இருந்தது. "பால் கறக்கவும் ஆரம்பிச்சிடுவேன் போல" என்றாள். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, டம்ளரை வாங்கிக் கழுவி வைத்தார்.

ஈரப் போர்வையை வாளியிலிருந்து தூக்கும்போதுதான் முதுகில் அது நடந்தது. மூச்சு நின்றுவிடுகிற வலி. கடைக்கு மேல்மாடியில் இருக்கும் டாக்டரம்மா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். படத்தைப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருக்கிறது, அதற்குமுன்பே இன்னொன்றும் சத்தமில்லாமல் நசுங்கியிருக்கிறது என்றார்.

"ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு ஊசி ஆரம்பிக்கணும்மா. இப்படியே விட்டா அடுத்தது இடுப்பா இருக்கும். படுக்கையில விழுந்துட்டீங்கன்னா எழுந்திரிக்கிறது கஷ்டம்."

"அதான் இலை தழையெல்லாம் சாப்பிடறேனே டாக்டர். அது போதும்" என்றாள் அவள். மறுமுறை கூப்பிட்டு அனுப்பியபோதும் அதே பதில்தான். டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இலைதழையில் அவளுக்கு அப்படியொன்றும் நம்பிக்கை கிடையாது. நிஜக் காரணத்தை வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். வலித்தாலும் பரவாயில்லை, இப்போதுதான் அவருக்கு ஏற்ற அளவுக்கு வந்திருக்கிறேன் என்று ஒரு திருப்தி. இதைப்போய் யாராவது மருந்து போட்டு நிறுத்துவார்களா?

வலி கொஞ்சம் தணிந்தபின் ஒரு மத்தியானம் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்வழியாக வந்தாள். கவுண்டரில் ஒரு பெண் அதே சோயா பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உங்க வீட்டம்மாவும் இதைத்தான் சாப்பிடறாங்களாமே? நல்லா கேக்குதா சார்?"

"கொஞ்சம் உதவும்னும் எழுதறாங்க, ஒண்ணுமில்லைன்னும் எழுதறாங்கம்மா. எனக்குத் தெரியல. வேற மருந்து சாப்பிடறவங்க கேக்காம இதைத் தொடவும் கூடாது. எலும்பு ஏற்கெனவே உடைஞ்சிருந்தா இதை நம்பி உக்காராதீங்க. மேல டாக்டர் இருக்காங்க, முதல்ல அங்க போங்க."

அந்தப் பெண் போனதும் அவள் சாப்பாட்டுப் பையை ணங்கென்று வைத்தாள்.

"ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? தெரியாததைத்தான் எனக்கு வாயில ஊத்தினீங்களா?"

"வேற என்னடி பண்ணச் சொல்ற? டாக்டர்கிட்ட நீ போக மாட்டேங்கற. கையைக் கட்டிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றியா? ஏதாவது பண்ணணும்ல நானு!"

அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் கத்தியதில்லை. கத்தத் தெரியாதவர் கத்தியதால் அது அழுகை மாதிரி இருந்தது. அவளுக்கும் பொத்திவைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

"எனக்கு இப்படியே இருந்தா போதுங்க. உங்க பக்கத்துல நின்னா இப்பதான் பாக்க நல்லா இருக்கு. இனிமே யாரும் உங்களை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க."

கடைக்காரர் அவளையே பார்த்தார்.

"யாரு சொன்னதுக்காக? உன்னை யாரு குறையச் சொன்னது? நான் சொன்னேனா?"

அவள் பையைத் திறந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள்.

"ஸ்டேஷன்ல, சந்தையில, எங்க போனாலும் நீ முன்னாடி போயிடுவ. எத்தனை கூட்டமா இருந்தாலும் உன் தலை தெரியும். அதைப் பாத்துக்கிட்டே நான் பின்னாடி வருவேன். எனக்கு வழி கேக்கிற வேலையே இல்ல. அப்ப எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா, அந்தா போறா பாரு, அவ என் பொண்டாட்டின்னு?" கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "போன மாசம் சந்தையில உன்னைத் தொலைச்சுட்டேன். எக்கி எக்கிப் பாக்கறேன், நீ எங்கயும் இல்ல. காய் வாங்கிட்டு நீயா வந்து தோளைத் தட்டின. பயந்து செத்துட்டேன்டி. உங்கிட்ட சொல்லல."

அத்தையின் ஒரு சொல்லுக்காக ஆயுசு முழுக்க எதை மறைத்தாளோ, அதைத்தான் இந்த மனுஷர் ஆசைப்பட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து ஒருதரம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவள்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"கிளம்புங்க" என்றாள்.

"சாப்பாடு?"

"ஆறட்டும்."

வியாபார நேரத்தில் ஷட்டரை இறக்கிவிட்டு இருவரும் மாடியேறினார்கள். ஒவ்வொரு படிக்கும் அவள் முதுகு சுண்டியது. டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்து, "ஒருவழியா வந்தீங்களா? எத்தனை நாளா இழுத்தடிச்சீங்க!" என்றார். பரிசோதனைக்கு எழுதிக்கொண்டே, "ஒண்ணு இப்பவே சொல்லிடறேம்மா. ஊசி போட்டாலும் போன உயரம் திரும்பி வராது" என்றார்.

"போனது போகட்டும் டாக்டர்" என்றாள் அவள். "இருக்கிறதுல இனிமே ஒரு விரக்கடைகூடக் குறையக் கூடாது. இவர் எங்கயாவது என்னைத் தேடிட்டு நிப்பாரு."