வெறுங்குழாயில் வந்த ஆள்

என் விரல்களில் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்திருக்கும். சலவைக் கடையில் சூடான இஸ்திரிப் பெட்டியோடும் நீராவியோடும் மல்லுக்கட்டி, தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. அதனால் என் மகளுக்குத் தடயவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை வந்து, குடும்பத்தைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி எங்கள் கடைக்கே வந்தபோது, நான் கொஞ்சம் தெம்பாகவே பேசிவிட்டேன்.

"உங்க வீட்ல யார் மேலயாவது கேஸ் இருக்கா?"

"நான் திருடினாக்கூட என்னைக் கண்டுபிடிக்க முடியாது சார். இந்தா பாருங்க," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அவர் சிரிக்கவில்லை. முதலாளிதான் நீராவிக்குப் பின்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் மனைவி பிடித்துக்கொண்டாள். "வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? பாருங்க, என்னிக்காவது உங்க வாயாலதான் அவ வேலைக்கு வேட்டு."

அவள் வாய் முகூர்த்தம், முக்கால்வாசி பலித்தது.

அந்த வேலைக்குள் நுழைவது லேசில்லை. பட்டம் வாங்கினாயா என்று மட்டும் கேட்டு விடமாட்டார்கள். வேதியியல் எவ்வளவு படித்தாய், மரபியல் படித்தாயா, கணக்கு வருமா என்று கிளறுவார்கள். எழுதச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள், நிறம் பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்று கண்ணைச் சோதித்தார்கள். கடைசியில் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்பக்கம் துடைத்து எடுத்துக்கொண்டார்கள். அங்கே வேலை பார்க்கிற ஒவ்வொருவரின் எச்சிலுக்கும் பதிவு உண்டாம். யாராவது தெரியாமல் தும்மித் தொலைத்தால், அந்த ஆளையே கொலைகாரன் என்று பிடித்துவிடக் கூடாது பாருங்கள்.

என் மனைவியின் தம்பி வாடகை வண்டி ஓட்டுகிறவன். செய்தி கேட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டான். "ஏம்மா, துப்பாக்கியெல்லாம் கையில குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க மாமா. பையில போட்டு, சீல் வெச்சு. யார்கிட்டேருந்து வாங்கினேன், யார்கிட்ட குடுத்தேன்னு கையெழுத்துப் போட்டுட்டுத் திருப்பிக் குடுக்கணும்."

"அப்ப யாரையும் துரத்தவே மாட்டியா?"

"உக்காந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே நேரம் இல்ல. காலையில மேசையைத் துடைக்கணும், திரும்பத் துடைக்கணும். கையுறையை மாத்தணும், திரும்ப மாத்தணும். குழாய் மேல பேர் ஒட்டணும்."

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இங்க ஒரு டம்ளர் கழுவ மாட்டா. அங்க போயி மேசை துடைக்கிறாளாம். அந்த மேசை குடுத்து வெச்சது."

இத்தனைக்கும் வேலை நிரந்தரம் இல்லை. பழகுகிறவள், அவ்வளவுதான். ஒரு பரீட்சை உண்டு. மேலதிகாரி அம்மாவே வேண்டுமென்று துணியில் இரத்தமும் எச்சிலும் வைத்துத் தருவார். எது யாருடையது என்று மகள் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தேறினால் உண்மையான வழக்கைத் தொடலாம். தேறாவிட்டால் காத்திருக்கிற அடுத்த ஆளுக்கு அந்த நாற்காலி.

அந்த அதிகாரி அம்மாவுக்கு மகள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தடித்த கண்ணாடி போட்டிருப்பாராம். அதைக் கழற்றினாலும் எதுவும் தப்பாதாம்.

அந்தப் பரீட்சையில் எனக்குப் பிடித்தது வெறுங்குழாய்தான். ஒவ்வொரு தடவை சோதிக்கும்போதும் ஒரு குழாயில் எந்தத் தடயமும் போடமாட்டார்கள். மற்றக் குழாய்களுக்கு ஊற்றுகிற மருந்துகளை மட்டும் அதற்கும் ஊற்றி, அதையும் கடைசிவரை கூடவே கொண்டுபோவார்கள்.

"எதுக்கு பாப்பா வெட்டியா ஒண்ணு?"

"அதுல ஒண்ணுமே வரக்கூடாதுப்பா. ஏதாவது வந்துச்சுன்னா நான் சுத்தமா வேலை செய்யலைன்னு அர்த்தம். அப்புறம் மத்த குழாய்ல வந்ததை யார் நம்புவா?"

பரீட்சைக்கு முன்னால் அவளுக்குப் புதுக் கோட் ஒன்று கொடுத்தார்கள். உறை பிரிக்காத வெள்ளைக் கோட். பிரித்துப் பார்த்தால் கசக்கி எறிந்த காகிதம் மாதிரி இருந்தது. கை வேறு விரல்நுனியைத் தாண்டித் தொங்கியது. ஆய்வுக்கூடத்துக் கோட்டை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று அங்கே கட்டளை. ஆனால் இவள் அதை அழுக்கான கோட்டுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். புதுசுதானே என்று பைக்குள் திணித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அவள் அம்மா கையை மடித்துத் தைத்தாள். நான் இஸ்திரி போட்டேன்.

கோட் என் கைக்கு வந்ததும் உடம்புவலி தெரியவில்லை. நாளெல்லாம் ஊரார் சட்டைக்கு இஸ்திரி போட்டு நின்ற கால்தான், அன்றைக்கு இன்னும் கொஞ்சம் நின்றது. கழுத்துப்பட்டை கத்தி மாதிரி நின்றது. கைப்பட்டியில் தையல் தடித்திருந்ததால் அதற்கு மட்டும் மூன்று முறை தண்ணீர் தெளித்துத் தேய்த்தேன். மறுநாள் அதைப் போட்டுக்கொண்டு போனவளை ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம். பூதக்கண்ணாடிகூட, "கோட் நல்லா இருக்கே," என்றாராம்.

முடிவு வந்த அன்று மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள்.

"என்னடி, தேறலையா?"

"எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டேன்மா. ஆனா வெறுங்குழாய்ல ஒருத்தன் வந்துருக்கான்."

"எவன்டி அவன்?"

"தெரியல. ஆம்பளை. அவ்வளவுதான் தெரியுது. அங்க வேலை செய்யற ஆம்பளைங்க எல்லாரோட பதிவோடயும் ஒப்பிட்டாச்சு. எவனும் இல்ல."

பூதக்கண்ணாடி கத்தவில்லையாம். "அவன் யாரு, எப்படி உள்ள வந்தான்னு நீயே கண்டுபிடி. கண்டுபிடிச்சா திரும்ப ஒரு பரீட்சை. இல்லைன்னா இதுதான் முடிவு," என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எல்லோரும் துப்பறிய ஆரம்பித்தோம். "பஸ்ல பக்கத்துல எவன் உக்காந்தான்?" என்று அவள் அம்மா கேட்டாள். மச்சான் ஆய்வுக்கூடத்துக் காவலாளி மேல் சந்தேகப்பட்டான். அவர் உள்ளேயே வருவதில்லை என்று மகள் சொன்னதும், "அதான் சந்தேகம். ஏன் வரமாட்டேங்கறான்?" என்றான். நான் மருந்து அனுப்புகிற கம்பெனிக்காரனைச் சொன்னேன். அந்த மருந்தையெல்லாம் தனியாகச் சோதித்தாகிவிட்டது, சுத்தமாக இருக்கிறது என்றாள்.

"எவனோ ஒரு கடங்காரப் பய," என்றேன். "அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

மறுநாள் காலையில் அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டு என் சட்டையை விரித்தேன். வழக்கம்போல் ஒரு வாய் தண்ணீர் எடுத்து, உதட்டை இறுக்கி, புஸ்ஸென்று ஊதினேன். இந்த வித்தை எல்லோருக்கும் வராது. சிலர் ஊதினால் சொட்டுச் சொட்டாக விழும். நான் ஊதினால் பனி மாதிரி இறங்கும். துணி முழுக்க ஒரே சீராக நனையும்.

பல் தேய்க்கிற சத்தம் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். வாயில் பிரஷ்ஷோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நுரை தாடையில் வழிந்துகொண்டிருந்தது.

"அப்பா, இன்னொரு தடவை துப்புங்க."

"என்ன பாப்பா?"

"துப்புங்கப்பா!"

ஊதினேன். வெளிச்சத்தில் துளிகள் மினுமினுத்துச் சட்டையில் படிந்தன.

"கோட்டுக்கும் இப்படித்தான் தெளிச்சீங்களா?"

"பின்னே? கைப்பட்டிக்கு மூணு தடவை..."

சொன்ன வாயை நானே கையால் பொத்திக்கொண்டேன். அவள் பிரஷ்ஷை எறிந்துவிட்டு நெற்றியில் அறைந்துகொண்டாள். "ஐயோ, கைப்பட்டி குழாய் வாய்ல உரசியிருக்கு! மரபணுவுல எல்லா இடத்துலயும் அவன்ல பாதி நானு! ஆம்பளைன்னு வந்ததும் என்னோடதை எடுத்து வெச்சுப் பாக்கவே தோணலை. அப்பனுக்கும் பொண்ணுக்கும் பாதி ஒத்துப் போகும்னு பரீட்சையில எழுதி முழு மார்க் வாங்கினேன்மா!"

அவள் அம்மா இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். "நான் சொன்னேன்ல, உங்க வாயாலதான்னு?"

மச்சானுக்குப் போன் போனது. வண்டியை எடுத்துக்கொண்டு யோசனையோடு வந்து சேர்ந்தான். "கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்ததைச் சொல்லாத. அது தப்பு, அதுக்கே தூக்கிருவாங்க. அத்தான் சாப்பாடு குடுக்க வந்தாரு, வாசல்ல நின்னு தும்மினாரு, காத்துல வந்துருச்சுன்னு சொல்லிடு. அத்தான், எங்க, ஒரு தும்மல் போடுங்க பாப்போம்."

எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. தும்மிக்கூடப் பார்த்தேன்.

மகள் தலையை ஆட்டினாள். "மாமா, நாளைக்கு நான் கோர்ட்ல நின்னு சாட்சி சொல்ல வேண்டியவ. நீ சொல்ற மாதிரி சாட்சி சொன்னா திருடன் வீட்டுக்குப் போவான், நான் உள்ள போவேன். அப்பா, சட்டையை மாட்டிட்டுக் கிளம்புங்க."

ஆய்வுக்கூடத்து வாசல் அறையில் என்னை உட்கார வைத்தார்கள். பினாயில் மாதிரி ஒரு வாடை. மகள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பையில் திணித்தது, அம்மா தைத்தது, நான் ஊதியது, ஒன்று பாக்கியில்லை. பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முடிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"எப்படி ஊதுவீங்க? காட்டுங்க."

காகிதக் குவளையில் தண்ணீரும் ஒரு கறுப்புத் துணியும் வந்தன. மகளின் வேலையே என் வாயில் இருக்கும்போது எப்படி ஊதுவது? உதடு நடுங்கியது. பனி மாதிரி இறங்க வேண்டியது, பாதி துணிமேலும் பாதி அந்த அம்மாவின் கண்ணாடி மேலும் போய் விழுந்தது.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க மேடம்! எப்பவும் இப்படி விழாது. இன்னொரு தடவை..."

"வேண்டாம், வேண்டாம்! புரிஞ்சுது!" என்று எழுந்து பின்னால் போனார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"உன்னோட பாதி ஒத்துப் போகுதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா," என்றார் மகளிடம். "ஆனா எப்படி வந்துச்சுன்னு எனக்கும் தெரியல. அதைத்தான் நீ சொல்லணும்னு இருந்தேன். கோட்டைக் கொண்டுபோனது தப்பு, அது எழுத்துல வரும். தும்மல், இருமல்னு ஏதாவது கதை சொல்லியிருந்தா இன்னிக்கோட உன்னை அனுப்பியிருப்பேன்."

நான் தும்மிப் பார்த்ததை யாரும் சொல்லவில்லை.

சும்மா விட்டுவிடவில்லை. கோட்டின் கழுத்தில், கைப்பட்டியில், பொத்தான் ஓரத்தில் எல்லாம் துடைத்து எடுத்துச் சோதித்தார்கள். என் கன்னத்திலும் பஞ்சுக் குச்சி புகுந்தது. கோட் முழுக்க நான்தான் என்று வந்தது. தையல் ஓரத்தில் மட்டும் கொஞ்சமாக ஒரு பொம்பளையும் தென்பட்டாளாம். இதைச் சொன்னதும் என் மனைவிக்கு முகம் மலர்ந்தது. "நானும் வந்துருக்கேனா!"

இப்போது என் எச்சிலுக்கும் அங்கே பதிவு இருக்கிறது. ரேகை இல்லாத நான் கடைசியில் இப்படி மாட்டிக்கொண்டேன். மச்சான் வந்தால், "நானும் அங்க ஸ்டாஃப் மாதிரிதான்," என்று சொல்லிக்கொள்கிறேன்.

மகள் எனக்குத் தண்ணீர் தெளிக்கிற பிளாஸ்டிக் புட்டி ஒன்று வாங்கித் தந்தாள். அது மூன்று தடவை அமுக்கினால் ஒரு தடவை தெளிக்கும், அதுவும் ஒரே இடத்தில் குளம் கட்டும். வாயை மூடிக்கொண்டு அதையே அமுக்குகிறேன். அவளுக்கு வேறொரு புதுக் கோட் கொடுத்தார்கள், அது ஆய்வுக்கூடத்திலேயே இருக்கிறது. கசங்கியபடி, கை தொங்கியபடி. அதைப் போட்டுக்கொண்டுதான் இரண்டாவது பரீட்சை எழுதினாள். நினைத்தாலே கை பரபரத்தது.

முடிவு வரவேண்டிய அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. ஒரே கால்சட்டைக்கு இரண்டு மடிப்பு விழுந்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்போது போன் வந்தது.

"அப்பா! மத்ததெல்லாம் சரி! வெறுங்குழாய்ல ஒண்ணுமே வரலைப்பா! நீங்களும் இல்ல, அம்மாவும் இல்ல, யாருமே இல்ல!"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தேன். நீராவி என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன். முதலாளி விடவில்லை.

"என்னய்யா? பொண்ணு என்ன சொல்லுது?"

"ஒண்ணுமே கண்டுபிடிக்கலையாம் முதலாளி," என்றேன். "வேலை நிரந்தரம் ஆயிடுச்சு."