கூண்டுக்குள் காஸ்பர்

எங்கள் ஆஷ்பி, பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர். சுரங்கத்தில் ஒருவன் செத்தால் மற்றவர்கள் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு மேலே ஏறிவிடுவார்கள். அவனைப் புதைக்கும்வரை எந்த வேலையும் நடக்காது. போலந்துக்காரனும் வெல்ஷ்காரனும் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்வார்கள், இதில் மட்டும் ஒற்றுமை.

1924 நவம்பரில் காஸ்பர்மேல் பாறை சரிந்தது. உடலை எடுக்க வழியில்லாமல் அந்தப் பாதையையே சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அன்று மாலையே ஊர்க் கூடைப்பந்து அணி ஆடியது. காஸ்பர் அந்த அணியின் நடு ஆள்.

அப்போதெல்லாம் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை நடுவில் மேலே எறிவார்கள். இரண்டு பக்கத்து நடு ஆட்களும் எம்பித் தட்ட வேண்டும், தட்டியவன் பக்கம் பந்து. காஸ்பர் நெட்டைக் கொக்கு. அவன் இல்லாமல் எப்படி ஆடுவது என்று மற்ற நாலு பேரும் தயங்கினார்கள். நாலு பேருமே சுரங்கத் தொழிலாளிகள்.

"டிக்கெட் வித்தாச்சு. புதைக்கிறதுக்கு உடம்பே இல்ல, அப்புறம் எதுவரைக்கும்டா காத்திருக்கிறது?" என்றார் முதலாளி பிரதெரோ. அணியும் அவருடையது, ஆட்டம் நடக்கும் நடன மண்டபமும் அவருடையது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அந்த நியாயத்தில்தான் வினை வந்து உட்கார்ந்தது.

வேறு ஆள் கிடைக்காமல் காஸ்பரின் இடத்துக்கு என் புருஷன் லுத்விக்கை இழுத்துக்கொண்டு போனார்கள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன், சுரங்கத்தில் கால் வைத்ததே இல்லை. "எதிராளி முழங்கைகூட உனக்கு எட்டாது, போய்ச் சிரிக்க வெச்சுட்டு வா" என்று அனுப்பினேன். என் வாய் அப்படி.

ஆட்டக்களத்தைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு. பந்து வெளியே போகாது, கூட்டம் எறியும் பாட்டில் உள்ளே வராது. ஆட்டம் முடிந்ததும் நடக்கும் நடனத்துக்குப் பியானோ வாசிப்பவள் நான். அதனால் கூண்டுக் கதவருகே எனக்கு எப்போதும் ஒரு நாற்காலி உண்டு. அங்கிருந்து நன்றாகவே பார்த்தேன். லுத்விக்கின் விரல் எதிராளியின் முழங்கையோடு நின்றது. பந்து மட்டும் காற்றில் திரும்பி எங்கள் பக்கம் வந்தது. அடுத்த முறையும் அப்படியே, அதற்கடுத்த முறையும் அப்படியே.

அந்தப் பருவத்தில் எங்களை ஒருவராலும் ஜெயிக்க முடியவில்லை. லுத்விக்கின் குதிகாலில் சுருள்வில் இருக்கிறது என்று பத்திரிகையில் எழுதினார்கள். அவன் சட்டையைத் துவைத்தவள் நான். வலது தோளில் கரித்தூள், ஒரு கை அழுத்திப் பிடித்த மாதிரி.

"யாரு உன் தோளைப் பிடிச்சது?"

"பின்னாடி ஒருத்தன் என்னை ஊனிக்கிட்டு எம்புறான், வாண்டா. நான் இன்னிவரைக்கும் பந்தைத் தொட்டதே இல்ல."

ஒவ்வொரு வெற்றிக்கும் அவன் உடம்பு இன்னும் கொஞ்சம் சில்லிட்டது. நாள் முழுக்க அடுப்பின் முன்னால் நிற்கிறவனுக்கு உடம்பில் சூடு ஏறவில்லை. பிறகு இருமல் வந்தது, கறுப்பாகத் துப்பினான். டாக்டர் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, "எத்தனை வருஷமாப்பா சுரங்கத்துல இருக்கே?" என்றார். இப்படியே போனால் என் புருஷன் வசந்தத்தைப் பார்க்கமாட்டான்.

பிரதெரோவிடம் போய்க் கெஞ்சினேன். "ஓடுற குதிரையை எவளாவது கட்டிப் போடுவாளா? சாம்பியன் பட்டத்துக்கு இன்னும் ஒரே ஆட்டம்தான்" என்றார்.

"குதிரை செத்துடும்யா!"

அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசி ஆட்டத்தன்று சட்டை மாற்றும் அறைக்குள் நேராக நுழைந்தேன். "காஸ்பர் செத்த அன்னிக்கு நீங்க யாரும் ஆட்டத்தை நிறுத்தல. அதான் அவன் இன்னும் ஆடிக்கிட்டிருக்கான். என் புருஷன் உசிரை ஏணியா வெச்சு ஏறுறான்" என்றேன்.

மூத்த ஆட்டக்காரன் மோர்கன் ஷூ நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாய மூடு, வாண்டா. பட்டம் கைக்கு வர்ற நேரத்துல பேய்க்கதை சொல்லிக்கிட்டு!"

எதிரணி வெஸ்ட்மோர். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. நடுவர் பந்தைத் தூக்கினார். லுத்விக் எம்பவில்லை, குனிந்து இருமினான். பலகைத் தரையில் கறுப்பாக ஏதோ சிந்தியது. மோர்கன் அதைப் பார்த்தான். இருபது வருடம் சுரங்கத்தில் கிடந்தவனுக்கு அந்தக் கறுப்பு தெரியும். லுத்விக்கின் கையைப் பிடித்துக் கதவுக்கு இழுத்து வந்தான்.

"கதவைத் திற, வாண்டா. ஒருத்தன் செத்துட்டான், நாங்க மேல ஏறுறோம்."

மற்ற மூவரும் தலையைக் குனிந்துகொண்டு அவர்கள் பின்னால் வந்தார்கள். "கோழைப் பசங்களா, உள்ளே போங்கடா!" என்று பிரதெரோ கத்தினார். கூட்டமும் முதலில் கத்தியது. பிறகு ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். வரிசை வரிசையாகத் தொப்பிகள் இறங்கின.

வெளியூர் நடுவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெஸ்ட்மோர் நடு ஆளுக்கு மட்டும் பந்தை எறிந்தார். அவன் தனியாக எம்பினான். பந்து அவன் கைக்கு வரவில்லை. திரும்பி, ஆளே இல்லாத எங்கள் பக்கம் போய் விழுந்தது. அவன் ஓடியே வெளியே வந்துவிட்டான், அவன் பின்னால் அவன் ஆட்களும் நடுவரும்.

என் கைக்குள் லுத்விக்கின் கை மெல்லச் சூடானது. வெட்கமில்லாமல் ஓவென்று அழுதேன்.

மண்டபத்து ஆள் கூண்டுக் கதவைச் சாத்த வந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்து கதவிடுக்கில் கையை வைத்தாள். காஸ்பரின் பெண்டாட்டி மார்செலா.

"சாத்தாதீங்க. எல்லாரும் வந்துட்டாங்க, என் ஆளு இன்னும் வரல." என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லேன், வாண்டா. உன் ஆளு வர்றவரைக்கும் திறந்துதானே வெச்சிருந்தே?"

என் ஆள் என் கையில் இருந்தான். லுத்விக்கை இழுத்துக்கொண்டு வெளியே நடந்தேன்.