எண்ணூறு மீட்டர்

மேரு என்ற சிற்றூரிலிருந்து கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு லோரி ஓட்டும் திருச்செல்வம், பதினொரு ஆண்டு வேலையில் மகளுக்காக விடுப்புக் கேட்டது அதுவே முதல் முறை. மாவட்ட ஓட்டப் போட்டி நடக்கும் கிள்ளான் விளையாட்டரங்கின் படிக்கட்டில், குளிர்பானப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் நுனியில் உட்கார்ந்திருந்தார். உடன் வந்திருந்த பக்கிரிசாமியும் லோரி ஓட்டுநர்தாம்; வயதில் மூத்தவர், வாயிலும் மூத்தவர்.

"செல்வம், ஓடப் போறது ஒம் மவ. நீ ஏன்லா மூச்சு வாங்குற?"

"சும்மா இருங்கண்ணே. காலையில சோறே எறங்கல."

"ஜெயிச்சா நீ பிரியாணி வாங்கிக் குடு. தோத்தா நான் வாங்கித் தரேன். எப்படிப் பாத்தாலும் பிரியாணி கன்பர்ம்."

மகள் விஷ்ணுப்ரியா இடைநிலைப்பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்தில் படிக்கிறாள். காப்பாருக்கு அப்பால், செம்பனை மரங்களுக்கு நடுவே நிற்கும் சிறிய இடைநிலைப்பள்ளி அது. அதன் திடலில் ஒரு சுற்று இருநூறு மீட்டர். ஆகவே எண்ணூறு மீட்டர் ஓட நான்கு சுற்று. மழைக்காலத்தில் மூன்றாம் வளைவு குளமாகிவிடும். நூற்றுப் பதினெட்டு மாணவருக்கு ஓடுதளம் எதற்கு என்று கேட்டவர்கள், பதக்கம் ஏன் வரவில்லை என்றும் கூசாமல் கேட்டார்கள். அந்தச் சேற்றில் ஓடித்தான் இவ்வாண்டுப் பள்ளிப் போட்டியில் விஷ்ணுப்ரியா முதலாவதாக வந்தாள். கணக்கிலும் அவளே முதல். "மாவட்டத்துக்கு நான்தாம்ப்பா" என்று அவள் சொன்ன அன்று, திருச்செல்வம் அவளுடைய காலணிகளைத் தம் கையால் கழுவி வெயிலில் காய வைத்தார்.

ஒலிபெருக்கி பெண்கள் எண்ணூறு மீட்டர் இறுதிச் சுற்றை அறிவித்தது. எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றனர். காப்பார்ப் பள்ளியின் நீலச் சட்டை ஐந்தாம் தடத்தில் தெரிந்தது. அதை அணிந்திருந்தவள் சமந்தா, விஷ்ணுப்ரியாவின் வகுப்புத் தோழி. விஷ்ணுப்ரியா தடத்துக்கு வெளியே, கழுத்தில் நிறுத்துக் கடிகாரமும் காலடியில் தண்ணீர்ப் போத்தல் கூடையுமாக நின்றுகொண்டிருந்தாள்.

"அடுத்த செட்டா இருக்கும்லா" என்றார் பக்கிரிசாமி. இறுதிச் சுற்றுக்கு அடுத்த செட்டு இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

துப்பாக்கி வெடித்தது. "கைய ஆட்டு! கைய ஆட்டு!" என்று தோழிக்காகத் தொண்டை கிழியக் கத்தினாள் விஷ்ணுப்ரியா. சமந்தா நான்காவதாக வந்தாள்.

திருச்செல்வம் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுக் கம்பி வேலிக்கு இறங்கினார். விளையாட்டுப் பொறுப்பாசிரியரான பேசில், அவரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"பிரியா சொல்லலையாண்ணே? ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே லெட்டர் குடுத்தேனே."

"என்ன லெட்டரு சார்?"

"ஆன்லைன்ல பேர் பதிய ஐசி நம்பர் கேக்குது. பிரியாவுக்குத்தான் அது இல்லியே. போடலன்னா அடுத்த பக்கத்துக்கே போவாது. நானும் மூணு வாட்டி போன் அடிச்சுக் கெஞ்சிப் பாத்துட்டேன். விதின்னா விதிதான்னு சொல்லிட்டாங்க." பேசில் தொப்பியின் விளிம்பைத் திருகினார். "இன்னிக்கி ஜெயிச்ச புள்ள ரெண்டு நிமிசம் முப்பத்தெட்டு செகண்டு. பிரியா நம்ம சேத்துலயே முப்பத்தஞ்சுல ஓடுவா. அதாண்ணே எனக்கு வயிறு எரியுது. எஸ்.பி.எம். பரீட்ச எழுதிடுவா, எட்டு ஏ எடுப்பா. அப்புறம் யுனிவர்சிட்டி பாரத்துலயும் இதே கட்டம் வருமே, அதுக்கு என்ன செய்யப் போறீங்க?"

திருச்செல்வம் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன், நாகப்பட்டினத்திலிருந்து வந்த சீதாலெட்சுமிக்குத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவர் தாலி கட்டினார். மேளம் முழங்கியது, முந்நூறு பேர் அட்சதை தூவினர், பந்தி விசாரித்தவர் இதே பக்கிரிசாமி. திருமணத்தைப் பதிவு செய்யச் சொன்னவர்களிடம், "தாலி கட்டியாச்சு, பேப்பர் எங்க ஓடிடப் போவுது?" என்று சிரித்தார் மாப்பிள்ளை. பதிவு செய்தபோது குழந்தைக்கு ஐந்து மாதம். ஊரே பார்த்த தாலியை ஏடு பார்க்கவில்லை. பிறந்த நாளன்று பெற்றோருக்குப் பதிவுத் திருமணம் இல்லை. ஆதலால் பிள்ளை தாயின் நாட்டைச் சேர்ந்தது என்றது சட்டம். தாயின் நாட்டை அந்தப் பிள்ளை கண்டதே இல்லை. மகளுக்குக் குடியுரிமையும் அடையாள அட்டையும் கேட்டு மூன்று முறை மனு செய்தார். மூன்றும் காரணம் கூறாமல் திரும்பி வந்தன. மகளிடம் மட்டும், "ஐசி வரும்மா, கொஞ்சம் லேட்டாவும்" என்று ஆண்டுதோறும் சொல்லி வந்தார்.

விஷ்ணுப்ரியா கூடையோடு வந்தாள். தந்தையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

"தெனமும் பயிற்சிக்குப் போனியே?"

"சமந்தா கூட ஓடுறதுக்குப்பா. தனியா ஓடுனா அவ மெதுவாயிடுவா." கூடையை இறக்கி வைத்தாள். "நீங்க வருவீங்கன்னு நெனைக்கலப்பா. என்னிக்கி வந்திருக்கீங்க?"

அவள் குத்திக்காட்டவில்லை. அதனாலேயே அது ஆழமாகத் தைத்தது.

"ஐசி வந்துரும்மா. இந்த வாட்டி..."

"அப்பா, என் பர்த் சர்டிபிகேட்டையும் உங்க கல்யாண சர்டிபிகேட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டேன். ரெண்டு வருசமாச்சு. அஞ்சு மாசந்தான் வித்தியாசம்." குரலைத் தாழ்த்தினாள். "அழுவாதீங்க. பக்கிரி அங்கிள் பாக்குறாரு."

பக்கிரிசாமி பின்னால் நின்று, அழைப்பு எதுவும் வராத போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

நண்பகல் இடைவேளை வந்தது. அதிகாரிகள் உணவுப் பொட்டலங்களோடு கூடாரத்துக்குள் போனார்கள். தடம் காலியாகக் கிடந்தது. விஷ்ணுப்ரியா ஆசிரியரைப் பார்த்தாள். அவர் அவள் கேட்கும்முன்பே முதுகைத் திருப்பிக்கொண்டார்.

"பத்து நிமிசம். நான் ஒன்னும் பாக்கல."

கழுத்துக் கடிகாரத்தைக் கழற்றித் தந்தையின் உள்ளங்கையில் வைத்தாள். "அங்கிள் கை தட்டுனதும் இந்தப் பட்டன அழுத்துங்க. இங்க ஒரு சுத்து நானூறு மீட்டர். நான் ரெண்டாவது வாட்டி கோட்டத் தாண்டுனதும் திருப்பி அதையே அழுத்துங்க. அவ்ளோதான்."

பக்கிரிசாமி கை தட்டினார். அவள் புறப்பட்டாள்.

திருச்செல்வம் மகள் ஓடிப் பார்த்ததில்லை. தோள் அசையவில்லை, கால்கள் மட்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் சென்றன. எதிர்ப்பக்கத்தில் அவள் சிறு நீலப் புள்ளியானாள். அங்கே பார்க்க எவரும் இல்லை. இருந்தும் யாரோ பின்னாலேயே துரத்தி வருவதுபோல ஓடினாள். முதல் சுற்று முடிந்தபோது பக்கிரிசாமி, "புடிடி! புடிடி!" என்று கத்தினார், முன்னால் ஓடுவதற்கு ஒருவரும் இல்லாதபோதும். இறுதி வளைவில் அவள் தலை பின்னுக்குச் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினாள்.

முழங்காலைப் பிடித்துக் குனிந்து நின்று மூச்சு வாங்கினாள். பிறகு திரும்பி வந்தாள். முகமெல்லாம் ஒளி.

"எவ்ளோப்பா?"

அவர் கையை விரித்தார். கடிகாரம் முழுவதும் சுழியங்கள். கை தட்டிய கணத்தில் அவர் மகளைப் பார்த்தார். அப்புறம் மகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பட்டனை அழுத்தவே இல்லை.

"பிரியாம்மா... நான்..."

விஷ்ணுப்ரியா அந்தச் சுழியங்களைப் பார்த்தாள். கடிகாரத்தை எடுத்து, கயிற்றைச் சுற்றி, கூடையில் போத்தல்களுக்கு நடுவே வைத்தாள். இன்னோர் ஓட்டத்துக்கு அவள் காலில் வலுவில்லை. அதிகாரிகளும் தடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"வெயில்ல நிக்காதீங்கப்பா" என்றாள். "வாங்க."