பொட்டு வைத்த சிபியு

மூன்று வருஷமாக இளவரசியின் கணினியை அவள் மாமனார் சுப்பராயலு "அந்தப் பொட்டி" என்றுதான் சொல்லிவந்தார். மடுகரையில் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம் அது. மருமகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு எதையோ தட்டினால் சென்னையிலிருந்து சம்பளம் வருகிறது என்பதை அவரால் நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. இந்த வருஷ ஆயுத பூஜைக்குத்தான் மனம் மாறினார். டிராக்டர் சாவி, மருந்தடிக்கும் மிஷின், களைக்கொத்து, அரிவாள் எல்லாவற்றையும் கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியவர், "அதுவும் சோறு போடுற ஆயுதந்தானே" என்று அவள் அறைக்குப் போய் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இளவரசி அப்போது தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். குளிக்கப் போகும் முன் கணினியை இயக்கும் லினக்ஸுக்கு அதன் உயிர்க்கருவான கெர்னலைப் புதிதாக ஏற்றும் வேலையைத் தொடங்கி வைத்திருந்தாள். யாரும் கைவைக்காமல் இருக்கட்டும் என்று மானிட்டரை மட்டும் அணைத்திருந்தாள். இருண்ட திரையைப் பார்த்த மாமனார், பொட்டி சும்மாதான் கிடக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டார்.

ஈரத்தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தவள் கூடத்து வாசலில் நின்றுவிட்டாள். சிபியுவின் நெற்றியில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கழுத்தே இல்லாத அதற்கு ஒரு சாமந்தி மாலை. உச்சியில் ஓர் எலுமிச்சம்பழம்.

"மாமா, அதுல வேல ஓடிக்கிட்டு இருந்துச்சி."

"ஓடுனா இன்னாம்மா, இன்னிக்கி அதுக்கும் ஒரு நாள் லீவு வுடேன்."

அவர் முகத்தில் அத்தனை பெருமை. வேண்டுமென்றே செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை நாலு மணிக்குச் சென்னைக் கம்பெனிக்கு அவள் தன் வேலையைத் திரையில் காட்ட வேண்டும். வாடிக்கையாளரின் சர்வர்கள் நிற்காமல் புதிய கெர்னலுக்கு மாறுவது எப்படி என்று காட்டுவது. நன்றாகக் காட்டினால் ஒப்பந்த வேலை நிரந்தரமாகும். வாடிக்கையாளர் வெளிநாட்டுக்காரர், அவருக்கு ஆயுத பூஜை ஏது. ஒத்திகைக்காகத்தான் காலையில் தன் மிஷினிலேயே அந்தக் கெர்னலை ஏற்றினாள். இரண்டு மாதமாக எழுதியதெல்லாம் இப்போது அந்த மாலைக்குள் இருந்தது.

"சாமி கும்புட்டதும் எடுத்துக்கிறேன் அத்த."

"ஆயுதத்த வெச்சிட்டா மறுநா காத்தாலதான் எடுக்கணும்" என்றாள் மாமியார் வள்ளியம்மாள். "பாகூர்ல உங்க வூட்ல அந்தப் பழக்கமெல்லாம் இல்லியா?"

கணவன் அரிகரன் தேங்காய் உரித்துக்கொண்டே சொன்னான்: "போன் பண்ணி நாளைக்கின்னு சொல்லிடேன். நானே இன்னிக்கி டிராக்டர தொடல."

"நீங்க தொடலன்னா கரும்பு நாளைக்கும் அங்கேயேதாங்க நிக்கும்."

மொட்டைமாடிக்குப் போய் டீம் லீடர் ஸ்டெல்லாவை அழைத்தாள்.

"போன தடவ புயல்னு சொன்ன. இப்ப பூஜையா?" ஸ்டெல்லா பெருமூச்சு விட்டது கேட்டது. "நாலரை வரைக்கும் இழுத்துப் பாக்குறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

படையல் முடிந்து, சாப்பிட்டு, மாமனார் கண்ணயர்ந்ததும் மானிட்டரையும் கீபோர்டையும் கூடத்துக்கே கொண்டுவந்து தரையில் உட்கார்ந்தாள். சிபியுவை நகர்த்தவில்லை. எடுக்கக் கூடாது என்றுதானே சொன்னார்கள். ஒயரைச் செருகிப் பட்டனை அமுக்கினாள். விசிறி சுற்றியது, சாமந்தி இதழ்கள் நடுங்கின. வழக்கமான படம் வரவில்லை. கறுப்புத் திரையில் க்ரப் என்ற பேரும், பக்கத்தில் துடிக்கும் ஒரு கோடும்.

மிஷின் கண்விழித்ததும் எந்தக் கெர்னலை எங்கிருந்து எடுப்பது என்று பார்த்துச் சொல்கிற சின்ன நிரல்தான் க்ரப். பார்ப்பதற்கு அதற்கொரு குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை மாற்றி எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. குறிப்பு இப்போது காலி. இதெல்லாம் அவளுக்குப் புதிதில்லை, சோறு போடுவதே இதுதான். ஹார்ட் டிஸ்க் வட்டில் பகுதி பகுதியாகத் தேடிப் பழைய கெர்னலைக் கண்டுபிடித்து, அதன் வழியை எழுத்தெழுத்தாகத் தட்டிக் கொடுத்தாள். எழுந்துகொண்டது. வரிகள் ஓடின. பாதியில் நின்றன. ஒயரைப் பிடுங்கியதில் வட்டும் குழம்பியிருந்தது, முழுதும் சரிபார்த்தால்தான் மேலே நகரும்.

பழைய வட்டு. ஏற்றத்தில் கரும்பு வண்டி போவதுபோல முனகிக்கொண்டு போனது. அந்த அதிர்வில் எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

சத்தம் கேட்டு வந்த வள்ளியம்மாள் பழத்தைக் கையில் எடுத்தாள். "தொட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டு நேரே போய்க் கணவரை எழுப்பினாள்.

சுப்பராயலு கத்தவில்லை. வேட்டியைச் சரிசெய்தபடி வந்து நின்றார். "மொத தடவையா ஆசப்பட்டு வெச்சேன்" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

"அப்பா மனசு நோவடிக்கிறதே உனக்கு வேலையாப்போச்சி" என்றான் அரிகரன்.

"ஒயர யாருங்க புடுங்குனது?"

"அவுருக்கு இன்னா தெரியும்? ஓடுதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுக் குளிக்கப் போனா இன்னா?"

அது உண்மை. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம், இந்த உண்மையைத்தான் பொறுக்க முடியவில்லை.

மிஷின் முழுதாக எழுந்தபோது கூடத்து ஜன்னலில் வெயில் சாய்ந்திருந்தது. உடனே அழைப்பில் சேர்ந்தாள். ஸ்டெல்லா மட்டும் இருந்தாள்.

"அவங்க போயிட்டாங்க. நம்ம உலகநாதன் அவன் செஞ்சு வெச்சிருந்தத காட்டினான். பரவாயில்லன்னாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள்: "கெர்னல் மாத்திக் காட்ட வேண்டியவளோட மிஷினே எழுந்திரிக்கலன்னு நான் எப்படிச் சொல்றது இளவரசி? கரன்ட் இல்லன்னு சொல்லிட்டேன். உன் ஒப்பந்தம் மாசக் கடைசி வரைக்குந்தான்."

அழைப்பு போனபின்னும் அவள் எழவில்லை. காலையில் அறுந்த வேலையை விட்ட இடத்திலிருந்து முடித்தாள். புதிய கெர்னலைச் சேர்த்தாள், க்ரப்பின் குறிப்பை எழுதவைத்தாள். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. பிறகு சாய்ந்திருந்த மாலையை நேராக்கி, எலுமிச்சம்பழத்தைப் பழைய இடத்தில் வைத்தாள்.

மறுநாள் காலை அரிகரன் டிராக்டரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினான். மாமனார் முகம் தெளிந்திருந்தது. கூடத்துக்கு வந்து சிபியுவுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, "அமுக்கும்மா" என்றார்.

அமுக்கினாள். வழக்கமான படம், வழக்கமான திரை. ஒரு தடங்கலும் இல்லை.

"பாத்தியா? நேத்து அவ்ளோ மக்கர் பண்ணுச்சி. இன்னிக்கி ஒரே தட்டுல வந்துடுச்சி. அதுக்கு உண்டான மரியாதைய குடுத்தா கேக்குது." மகனைப் பார்த்துச் சிரித்தார். "அடுத்த வருஷமும் வெச்சிடணும்டா."

"வெச்சிடலாம் மாமா" என்றாள் இளவரசி. "அடுத்த வருஷம் அதுல வேல எதுவும் ஓடாது."

அவர் அதை அடக்கமான பதிலாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். பொரித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி, யூஎஸ்பி துளைக்குள் காய்ந்துபோயிருந்த சந்தனத்தை நோண்டி எடுக்கத் தொடங்கினாள்.