அரை டிக்கெட்

மாதக் கடைசியில் கையில் காசு நிற்பதில்லை என்று தம்பியிடம் புலம்பியது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்து, என் போனில் வீட்டுக் கணக்குச் செயலி ஒன்றை ஏற்றிவிட்டுத்தான் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"கேக்கிறதுக்கெல்லாம் பதில் போடுக்கா. மீதிய அதுவே பாத்துக்கும்."

முதல் கேள்வி, வீட்டில் எத்தனை பேர். கை தன்பாட்டுக்கு மூன்று என்று போட்டுவிட்டது. என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. இருப்பது நானும் ஆறு வயதுக் குட்டியும்தான். திருத்தியிருக்கலாம். மனசு வரவில்லை, விட்டுவிட்டேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுக்கிறவள் நான், எதிலும் இம்மி பிசகினால் பிடிக்காது. ஒரு வாரம் பால், காய், சோப்பு என்று ஒழுங்காகப் போட்டு வந்தேன். எட்டாம் நாள் சாயங்காலம் நான் போடாத வரி ஒன்று இருந்தது. போட்டது மூன்றாவது ஆள் என்று காட்டியது. "பல்பு, முழு 1, அரை 0." தேதி மறுநாளுடையது.

என் கணவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். டிக்கெட் கணக்கு எழுதியே பழகிய கை, எதை எழுதினாலும் முழு, அரை என்றுதான் எழுதும். கடைச் சீட்டில் ரொட்டிகூட முழு 1, அரை 0தான். நான் கிண்டல் செய்யாத நாளில்லை.

மறுநாள் சமையலறை பல்பு போனது.

தம்பியிடம் சொன்னேன். "மாமா போன்ல இருந்து வருதாக்கா?" என்றான். அது சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடக்கிறது. "அப்போ பழைய கணக்கப் பாத்து அதுவா நிரப்புது." ஒன்பது நாள் செயலிக்கு ஏதுடா பழைய கணக்கு என்று கேட்டதும் பேச்சை மாற்றிவிட்டான்.

அடுத்து "இருமல் மருந்து, முழு 0, அரை 1" வந்தது. மறுநாள் விடிந்ததும் குட்டி இருமினாள். உள்ளதைச் சொன்னால், எனக்குப் பயத்தைவிடச் சந்தோஷம்தான் அதிகம். செத்தும் மனுஷன் எங்களைப் பார்த்துக்கொள்கிறாரே என்று அழுதேன்.

இன்று வியாழன். சாயங்காலம் குட்டி தரையில் படுத்துப் பஸ் வரைந்துகொண்டிருந்தாள், ஜன்னலில் ஒரு சின்னத் தலை.

"அப்பா அவர் வண்டில கூட்டிட்டுப் போறேன்னாரும்மா. இன்னும் கூட்டிட்டுப் போகல."

சொன்னது வாஸ்தவம். அதற்குள் போய்விட்டார்.

போன் சிணுங்கியது. நாளைய தேதியில் புது வரி. "பஸ், முழு 1, அரை 1. ஒரு வழி."

முழு அவர். அரை யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வரியை அழித்தேன், திரும்ப வந்தது. மூன்று தடவை அழித்தேன், மூன்று தடவையும் வந்தது. மூன்றாவது ஆளையே நீக்கப் பார்த்தேன். நாளைக்குப் பயணம் இருக்கிறது, நீக்க முடியாது என்றது.

"கொடுத்த வாக்கக் காப்பாத்த இதுதான் நேரமா?" என்று அலமாரியைப் பார்த்து வாய்விட்டுக் கேட்டேன்.

அழிக்கத்தான் விடவில்லை, திருத்த விட்டது. அரையில் 0 போட்டேன். ஆள் குறைகிறது என்றது. கொஞ்ச நேரம் குட்டியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு முழுவில் 2 போட்டேன். ஏற்றுக்கொண்டது.

உடனே தம்பிக்குப் போன் செய்தேன்.

"காலைல வந்து குட்டிய உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போடா. இருமல் மருந்து அரை மூடிதான் குடுக்கணும், ஞாபகம் வச்சுக்கோ."

"நீ வரலியாக்கா?"

"எனக்கு வேற டிக்கெட் போட்டாச்சு" என்றேன்.