பையில் ஒரு காட்டர் பின்

பந்தயத்தின் நான்காவது சுற்று முடிந்தபோது பேனாவுக்காகக் கோட்டுப் பைக்குள் கைவிட்டேன். பேனா வரவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் மெல்லிய கம்பி ஒன்று வந்தது. புது காட்டர் பின். கால்கள் இரண்டும் நேராக, எங்கேயும் மடக்கப்படாமல் இருந்தன. கொஞ்ச நேரம் அதை முட்டாள் மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் புரிந்தது, இது என் மகளின் வண்டியில் மாட்டியிருக்க வேண்டிய பின்.

பழைய பின்னாக இருந்தால் கால் வளைந்திருக்கும். கழற்றிய பின்னை நான் மறுபடி மாட்டுவதில்லை. முப்பது வருஷமாக டிராக்டர் பழுது பார்க்கிறவன், அந்த ஒழுங்காவது என்னிடம் உண்டு. கார்ட் என்கிற இந்தச் சின்னப் பந்தய வண்டியில் ஸ்டியரிங் தண்டின் அடியில், ஓட்டுகிறவரின் இரண்டு கால்களுக்கு நடுவே, முன்சக்கரத்துக்குப் போகும் கம்பியை ஒரு போல்ட் பிடித்திருக்கும். அந்த நட்டு அதிர்ந்து அதிர்ந்து கழன்றுவிடாமல் இருக்க, போல்ட்டின் துளையில் இந்தப் பின்னைச் செருகிக் கால்களை மடக்கிவிட வேண்டும். இன்று போட்டிக்கு இருபது நிமிஷம் இருக்கும்போது தூறல் போட்டது. மழைச் சக்கரம் மாற்றினேன். மழைக்குத் தகுந்தபடி கம்பியை வேறு துளைக்கு மாற்றினேன். நட்டை இறுக்கினேன். பின்னைக் கையில் எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ரவெல்லி மேடம் எங்கள் கூடாரத்துக்குள் குனிந்து வந்தார்.

கார்ப் பந்தய அணி வைத்திருக்கிற அம்மாள். வருஷத்துக்கு ஒரே ஒரு கார்ட் பிள்ளையைத்தான் காரில் ஏற்றுவார். அவரே என்னைத் தேடி வந்து, "நீங்கதான் நிவெஸோட அப்பாவா?" என்று கையை நீட்டினால் எனக்குத் தலைகால் புரியுமா? கிரீஸ் கையைக் கோட்டில் துடைத்தேன். கையிலிருந்ததைப் பையில் போட்டேன். எழுந்து நின்று கைகொடுத்தேன். "இன்னைக்கு முதல் மூணுக்குள்ள வந்தாப் போதும். சம்மதக் காகிதத்துல கையெழுத்துப் போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். அவர் போனதும் ஒலிபெருக்கியில் எங்கள் வரிசையைக் கூப்பிட்டுவிட்டார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையில் விட்டுவிட்டு, தள்ளுவண்டியோடு வெளியே வந்துவிட்டேன். பல்லெல்லாம் தெரிய வந்தேன். செருப்பால் அடிக்க வேண்டும் என்னை.

பதினெட்டுச் சுற்று. நாலு போய்விட்டது. ஐந்தாவதாகக் கிளம்பியவள் இப்போது மூன்றாவதாக இருந்தாள்.

என் மகளுக்கு வயது பதினேழு. ஏழு வயதில், என் பட்டறைக்குப் பின்னால் சோளக்கதிர் காயப்போடும் சிமெண்ட் தரையில் முதல் வண்டியை ஓட்டினாள். பதினொன்றில் ஒரு போட்டியில் காறையெலும்பு முறிந்தது. அன்றோடு என் மனைவி லொரெதானா மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு போட்டிக்குப் பிறகும் போன் செய்வாள். எத்தனையாவது இடம் என்று கேட்கமாட்டாள். "முடிஞ்சுதா?" என்று மட்டும் கேட்பாள். முடிந்தது என்றால் வைத்துவிடுவாள். கார்ட்டில் பெல்ட் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். மணிக்கு நூற்றுமுப்பதில் போகிற வண்டியில், தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், பிடித்துக்கொள்ள ஸ்டியரிங் மட்டும்தான். அந்த ஸ்டியரிங்கும் சக்கரமும் ஒன்றையொன்று விட்டுவிட்டால்?

வெள்ளிக்கிழமைதான் லொரெதானா, நிவெஸ் கார் ஓட்டுவதற்கான சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். பொலெந்தா சோளக்கூழ்ப் பாத்திரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, நின்றபடியே போட்டாள். "நான் போட்டுட்டேன். அங்க இருக்கறவன் நீ. உன் கண்ணால பாத்து, சரின்னு பட்டாப் போடு இவானோ. இல்லேன்னா கிழிச்சுப் போட்டுட்டு வா" என்றாள். அந்தக் காகிதமும் அதே பையில்தான் இருந்தது.

வேலிக்கு ஓடினேன். அவள் நேர்ப்பாதையில் வரும்போது இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்து ஆட்டினேன். உள்ளே வா என்று அர்த்தம். தலைக்கவசம் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

எப்படித் திரும்பும்? போன செப்டம்பரில் அவள் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது, பின்சக்கரம் ஆடுகிறது என்று இதே மாதிரிக் கைகாட்டி உள்ளே கூப்பிட்டேன். பார்த்தால் ஒன்றுமில்லை. சக்கரம் கல்லு மாதிரி இருந்தது. என் கண்தான் ஆடியிருக்கிறது. நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "அப்பா, இனிமே நீ கைகாட்டினா நான் பாக்கமாட்டேன். உன் பயத்த நீ வச்சுக்கோ, என் தலைல கட்டாத" என்றாள். சரி என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தேன்.

பக்கத்துக் கூடாரத்து துல்லியோ என் தோளைப் பிடித்தான். "யோவ், மறுபடி ஆரம்பிச்சிட்டியா? ஒரு கொம்ப மாட்டிக் கழுத்துல தொங்கவிடு, திருஷ்டி போவும். பொண்ணு பறக்குறா, நீ கூடைக்குள்ள கூப்புடுற!"

அவனிடம் பின்னைக் காட்டவில்லை. உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டேன்.

வழி இல்லாமல் இல்லை. பத்து அடி தள்ளிக் கொடிக்காரர் நின்றார். அவர் கையில் ஆரஞ்சு வட்டம் போட்ட கறுப்புக் கொடி இருந்தது. பழுதான வண்டியை வெளியேற்றுகிற கொடி. அவரிடம் போய், "இருபத்தேழாம் நம்பர், ஸ்டியரிங்ல பின் இல்ல" என்று சொன்னால் போதும். அடுத்த சுற்றில் கொடி ஆடும். அவள் வந்தே ஆக வேண்டும். ரவெல்லி மேடத்தின் காரும் போய்விடும்.

போனேன். அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஏழாவது சுற்று.  எட்டாவது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "என்ன?" என்றார். "ஒண்ணுமில்ல" என்றேன். ஆமாம், ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். நட்டை நன்றாகத்தான் இறுக்கியிருக்கிறேன், பதினெட்டுச் சுற்றுத் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்காது என்றும் எனக்குத் தெரியும். அப்படிக் கழன்று வேலியில் போய் இடித்தவனை நானே ஒருமுறை தூக்கியிருக்கிறேன். அவன் நடக்கிறான், ஆனால் ஓட்டுவதில்லை.

பதினொன்றாவது சுற்றில் அவள் ஓரக்கட்டையில் ஏறினாள். முன்சக்கரம் ஒன்று காற்றில் எழும்பி டொம்மென்று விழுந்தது.  கொடிக்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "உக்காருங்க, முகமெல்லாம் வெளுத்துடுச்சு" என்றார் அவர். அப்போதும் நான் சொல்லவில்லை. அவள் செத்துப்போவாளோ என்ற பயம் ஒரு பக்கம், இனி என் முகத்திலேயே விழிக்கமாட்டாளோ என்ற பயம் ஒரு பக்கம். அந்த இடத்தில், அந்த ஈரத்தில், இரண்டாவது பயம்தான் பெரிதாக இருந்தது. இதை எழுதும்போது எனக்குக் கை கூசுகிறது.

மீதிச் சுற்றுகளை நான் பார்க்கவில்லை. கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, இருபத்தெட்டு எஞ்சின்களில் அவள் எஞ்சின் எது என்று தேடினேன். அது எங்கேயாவது சட்டென்று நின்றுவிடுமோ என்று காத்துக்கொண்டே இருந்தேன். நிற்கவில்லை. துல்லியோதான் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு முதுகில் அடித்தான். "ரெண்டாவதுய்யா! கண்ணத் தொற, செத்தவன் மாதிரி நிக்காத!"

எடை போடும் இடத்துக்கு ஓடினேன். நிவெஸ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் இறுக்கிக் கட்டியிருக்கும் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்து, ஈர முடிக்கற்றை ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்தது. நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. வண்டிக்கு முன்னால் மண்டியிட்டு ஸ்டியரிங் தண்டின் அடியைப் பார்த்தேன்.

நட்டு இருந்தது. துளையில் ஒரு கம்பியும் இருந்தது. கறுப்பாக, நெளிநெளியாக, கால்கள் இரண்டும் விரலால் முறுக்கி மடக்கப்பட்டு. ஒரு காலில் பூச்சு உரிந்து வெள்ளையாகத் தெரிந்தது. அது அவளுடைய கொண்டை ஊசி.

"வரிசைல நிக்கறப்ப பாத்தேன், பின் இல்ல" என்றாள் நிவெஸ்.  "நீ மாட்டினப்புறம் எப்பவுமே ஒருதரம் நானும் பாப்பேன். செப்டம்பர்லேர்ந்து இல்ல, பதினோரு வயசுலேர்ந்து."

"அப்பவே ஏண்டி சொல்லல? கைய தூக்கியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனே!"

"வந்திருப்ப. வந்து நிறுத்தியிருப்ப. வரிசைக்கு வந்தப்புறம் மெக்கானிக் வண்டியத் தொட்டா கடைசிலேர்ந்து கெளம்பணும்." கையுறையைக் கழற்றினாள்.   "அது ஒடஞ்சுடும்னு ஒவ்வொரு வளைவுலயும் நெனச்சேன்ப்பா. காலுக்கு நடுவுல அதையே பாத்துட்டு ஓட்டினேன். நீ கைகாட்டினதயும் பாத்தேன். அப்புறம் கொடிக்காரர் பக்கத்துல போய் நின்ன. அப்பா சொல்லிட்டாரு, இப்ப கொடி வரும், இந்தச் சுத்துல வந்துடும்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கட்டைல ஏறி விழுந்தப்போ, கொடி வந்துட்டா தேவலன்னுகூட இருந்துச்சு." என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "நீ ஏம்ப்பா சொல்லல?"

 சத்தியம் செய்து கொடுத்தேனே என்று சொல்லலாம் என்று தோன்றியது. அது பொய். பின்னை இன்னும் உள்ளங்கையில்தான் வைத்திருந்தேன். அழுத்தி அழுத்தி இரண்டு சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

ரவெல்லி மேடம் குடையைப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். சிரித்தபடியே தன் பேனாவை நிவெஸிடம் கொடுத்து, "அப்பாகிட்ட குடும்மா" என்றார். காகிதத்தை எடுத்தேன். கிரீஸ் பட்ட மடிப்புக்குள் லொரெதானாவின் கையெழுத்து இருந்தது. அதற்குக் கீழே என் இடம் வெறுமையாக இருந்தது.

போன் அடித்தது. எடுத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் லொரெதானா.

நிவெஸ் பேனாவை நீட்டிக்கொண்டு நின்றாள். கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கிச் செருக ஊசியைத் தேடிய அவளுடைய இன்னொரு கை, காதுக்குப் பின்னால் வெறுமனே தடவிக்கொண்டிருந்தது.